கொங்குக் குளங்களுக்கும் கொறங்காட்டுக்கும் க்யூஜிஐஎஸ், க்யூஃபீல்டு: ஒரு மதிப்பீடு

ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் காப்புக்காட்டுக்குள் வாழும் உயிர்களைக் கணக்கெடுக்க வனத்துறை இருக்கிறது. அந்த மலைகளுக்கு நடுவில் கிடக்கும் சமவெளிக்கு அப்படி யாரும் இல்லை. நொய்யல் குளங்கள், காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்கள்), கிளுவை வேலிகள், மழைக்கு மட்டும் ஓடும் பள்ளங்கள் எல்லாம் இந்த வகைதான். இங்கே எந்த உயிர், எந்தத் தேதியில், எந்தப் புல எண்ணில் இருந்தது என்பதை ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் எழுதி வைத்தால்தான் உண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் வெறும் பெயர்ப்பட்டியல் இருந்தால், நாளை அதே இடத்தில் மண் கொட்டும்போது அதைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது. இடமும் தேதியும் எவ்வளவு நேரம் தேடினோம் என்பதும் சேர்ந்த பதிவுக்குத்தான் எடை உண்டு.

அந்தப் பதிவை உருவாக்க, காசு செலவில்லாமல் கிடைப்பதில் சிறந்த கருவி க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் என்பதே எங்கள் தீர்ப்பு. கணினியில் க்யூஜிஐஎஸ், கைபேசியில் அதன் துணையான க்யூஃபீல்டு, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஊர்க்குழுவுக்கு வேண்டிய முக்கால்வாசி வேலை முடியும். ஆனால் இது மன்னிக்காத மென்பொருள். தப்பாகக் கேட்டால் தப்பான விடையைத் தயங்காமல் தரும், அதுவும் அழகான வரைபடமாக. எங்கெங்கே அப்படி ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். தரவிறக்கம் ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். இரண்டு பதிப்புகள் கிடைக்கும். அதில் நீண்டகால ஆதரவு கொண்ட எல்டிஆர் பதிப்பை எடுங்கள், புதுசு வேண்டாம். குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பில் இருப்பது முக்கியம். புதுப் பதிப்பில் சேமித்த திட்டக் கோப்பைப் பழையதில் திறந்தால் சில அமைப்புகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும்.

கரூரில் மாறும் மண்டலம்

முதல் குழப்பம் ஆயத்தொலைவில் வரும். கைபேசி ஜிபிஎஸ் தருவது பாகையில், அதாவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற முறையில், அதன் எண் இபிஎஸ்ஜி 4326. அந்த அடுக்கின் (வரைபடத்தில் ஒரு வகைத் தரவுக்கான தாள்) மேல் குளத்தைச் சுற்றி 500 மீட்டர் பஃபர், அதாவது சுற்று எல்லை, போடச் சொன்னால் க்யூஜிஐஎஸ் 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். பூமியையே மூடும் ஒரு வட்டம் வரும். அது கண்ணுக்குத் தெரிவதால் பரவாயில்லை. தெரியாமல் போவது பரப்பளவுக் கணக்கு. ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் ஏரியா, திட்டத்தின் எலிப்ஸாய்டை (பூமியின் வடிவக் கணக்கு) வைத்துச் சரியாகக் கணக்கிடும். டாலர் இல்லாத ஏரியா, அடுக்கின் அலகிலேயே கணக்கிடும். பாகை அடுக்கில் அது சதுரப் பாகை.

சோதித்துப் பார்க்க நல்ல இடம் திருப்பூர் நஞ்சராயன் குளம். 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இதன் அரசுக் கணக்குப் பரப்பு 125.865 ஹெக்டேர். கரையோரமாக நீங்களே ஒரு பலகோணம் வரைந்து பரப்பைக் கேளுங்கள். ஹெக்டேருக்கு மாற்றியபின் விடை இதற்குக் கிட்டத்தில் வந்தால் அமைப்பு சரி. மாற்றுவதற்கு முன்பே 0.0001 என்று வந்தால் சதுரப் பாகையில் இருக்கிறீர்கள். ஈரோடு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலும் இதே சோதனையைச் செய்யலாம், அங்கே 77.185 ஹெக்டேர். எண் அச்சாகப் பொருந்தாது. கரையைச் சேர்த்ததா, விட்டதா என்பதில் வித்தியாசம் வரும்.

மீட்டரில் வேலை செய்ய, உலகைச் செங்குத்துப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் யூடிஎம் முறையின் மண்டலத்துக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் நம் பகுதிக்கே உரிய தலைவலி. 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் பிரியும் கோடு கிழக்கு 78 பாகை. கோவை, திருப்பூர், ஈரோடு மூன்றும் 43-வடக்கில் விழும், அதன் எண் 32643. கரூரும் நாமக்கல்லும் அந்தக் கோட்டைத் தாண்டி 44-வடக்கில் விழும், அதன் எண் 32644. காவிரியோரமாக ஈரோட்டிலிருந்து கரூர் வரை கணக்கெடுக்கும் குழுவில் பாதிப்பேர் ஒன்றிலும் மீதிப்பேர் மற்றதிலும் சேமித்தால், திரையில் எல்லாம் ஒட்டித்தான் தெரியும். ஏனென்றால் க்யூஜிஐஎஸ் திரையில் காட்டும்போதே மாற்றிக்கொள்ளும். ஆனால் மண்டலம் கலந்தால் சில கருவிகளில் எச்சரிக்கை வரலாம், விடையும் தப்பலாம். எங்கள் பரிந்துரை: மொத்தக் கொங்குக்கும் 32643 ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கரூர்ப் பக்கம் நீள அளவில் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர் மிகும், பறவைக் கணக்குக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அது பொருட்டே இல்லை. மாற்றுவதற்கு 'ரீப்ரொஜெக்ட் லேயர்' கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அடுக்கின் மேல் வலது சொடுக்கில் வரும் 'செட் லேயர் சிஆர்எஸ்' எண்களை மாற்றாது, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். புதியவர்களின் புள்ளிகள் கடலுக்குள் போய் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

களப்படிவம்

க்யூஃபீல்டு கைபேசியில் படிவம் உருவாக்கும் செயலி அல்ல. படிவம் க்யூஜிஐஎஸ்ஸில்தான் தயாராகும். க்யூஃபீல்டுசிங்க் என்ற செருகியால் (கூடுதலாக நிறுவும் சிறு கருவி) பொட்டலமாகக் கட்டிக் கைபேசிக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் வேலை செய்யும்.

குளத்துப் பறவைக் கணக்குக்கு இரண்டு அட்டவணை வேண்டும். ஒன்று வருகை: குளத்தின் பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஆட்கள், நீர்மட்டம், ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது. இன்னொன்று அந்த வருகையில் பார்த்த இனங்கள். ஒரு வருகைக்குப் பல இனங்கள் என்று திட்டப் பண்புகளில் உறவு போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் திணித்தால் "வந்தோம், நாமக்கோழி இல்லை" என்ற தகவலை எழுத இடமே இருக்காது. அந்த இல்லைக்குத்தான் பிறகு மதிப்பு.

உறவு போடும்போது இணைப்புச் சாவியாக எஃப்ஐடி என்ற தானியங்கி எண்ணை வைக்காதீர்கள். இரண்டு கைபேசிகளும் தனித்தனியே 1, 2, 3 என்று எண் போடும். சாயங்காலம் ஒன்றாகச் சேர்க்கும்போது சூலூர்க் குளத்துக் கூழைக்கடா சிங்காநல்லூர் வருகையில் போய் ஒட்டிக்கொள்ளும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. எங்கும் திரும்ப வராத நீண்ட அடையாள எண்ணான யூயூஐடிக்குத் தனி நெடுவரிசை வைத்து, அதன் இயல்பு மதிப்பாக யூயூஐடி செயற்கூறைக் கொடுங்கள். அதற்குக் கீழேயே 'அப்ளை டிஃபால்ட் வேல்யூ ஆன் அப்டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கவே கூடாது. இருந்தால் வருகையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் சாவி மாறி, அதன் இனங்கள் எல்லாம் அநாதையாகிவிடும்.

இனப்பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். 'வேல்யூ மேப்' பட்டியல் வைத்து, திரையில் தமிழ்ப்பெயரும் சேமிப்பில் அறிவியல் பெயரும் இருக்கும்படி செய்யலாம். முக்குளிப்பான், நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து, மஞ்சள்மூக்கு நாரை என்று அடிக்கடி வருபவற்றை மேலே வையுங்கள். எண்ணிக்கை முழு எண்ணாக இருக்கட்டும், ஆனால் கட்டாயமாக்க வேண்டாம். கட்டாயமாக்கினால் எண்ண முடியாத கூட்டத்துக்கு ஆட்கள் வாயில் வந்த எண்ணைப் போடுவார்கள். "இருந்தது, எண்ணவில்லை" என்று தனியாக ஒரு கட்டம் கொடுப்பது நேர்மையான வழி.

திறந்த வெளியில் கைபேசி ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் துல்லியம் தரும். செயலியைத் திறந்த உடனே குறிக்காமல் திரையில் துல்லிய எண் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த எண்ணையும் ஒரு நெடுவரிசையில் தானாகச் சேமிக்கும்படி வையுங்கள்.

தரவு தொலைவது பெரும்பாலும் களத்தில் அல்ல, நகலெடுக்கும்போது. க்யூஃபீல்டு எழுதுவது ஜியோபேக்கேஜ் கோப்பில். அது திறந்திருக்கும்போது பக்கத்திலேயே அதே பெயரில், கடைசியில் 'வால்', 'எஸ்எச்எம்' என்று ஒட்டிய இரண்டு சிறு கோப்புகள் இருக்கும். கடைசியாகப் பதிந்தவை வால் கோப்பில்தான் உட்கார்ந்திருக்கும். ஜிபிகேஜி கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைசிப் பதிவுகள் வராது. செயலியில் திட்டத்தை முழுதாக மூடிவிட்டு, அந்த அடைவையே சுருக்கி அனுப்புங்கள். படங்களும் 'டிசிஐஎம்' அடைவில் தனியாகத்தான் இருக்கின்றன. அட்டவணையில் இருப்பது படத்துக்கான பாதை மட்டும்.

இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் தரவைச் சேர்க்கும்போது

உங்கள் குழு இன்றுதான் தொடங்குகிறது என்றாலும் பழைய பதிவுகள் நிறைய இருக்கின்றன. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. உக்கடம், சிங்காநல்லூர், பேரூர், சூலூர், நஞ்சராயன், வெள்ளோடு எல்லாவற்றுக்கும், பறவை பார்ப்பவர்கள் பதியும் இபேர்ட் தளத்தில் பட்டியல்கள் குவிந்திருக்கின்றன. கணக்குத் தொடங்கி விண்ணப்பித்தால் தரவுக் கோப்பை இலவசமாகத் தருவார்கள். விண்ணப்பத்தில் பறவைப் பதிவுகளோடு 'சாம்ப்ளிங் ஈவன்ட்' தரவையும் சேர்த்துக் கேளுங்கள். ஓர் இனத்தைப் பார்க்காத பட்டியல்கள் அதில்தான் இருக்கும்.

கோப்பு தாவலால் பிரித்த உரை. 'டிலிமிட்டட் டெக்ஸ்ட்' வழியே ஏற்றும்போது மேற்கோள் குறிக்கான பெட்டியைக் காலியாக்க வேண்டும். பறவையாளர்கள் குறிப்பில் ஒரு மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருப்பார்கள். க்யூஜிஐஎஸ் அடுத்த மேற்கோள் வரும்வரை இடையிலுள்ள வரிகளை எல்லாம் ஒரே குறிப்பாக விழுங்கிவிடும். ஏற்றியபின் வரி எண்ணிக்கையை மூலக் கோப்போடு ஒப்பிடுவது நல்லது.

எண்ணிக்கை நெடுவரிசையில் 'எக்ஸ்' என்ற எழுத்து கலந்திருக்கும். இருந்தது, எண்ணவில்லை என்று அர்த்தம். அதனால் மொத்த நெடுவரிசையும் உரையாக வரும், கூட்ட முடியாது. 'ட்ரை' செயற்கூறுக்குள் 'டு இன்ட்' போட்டு எண்ணாக மாற்றினால் எக்ஸ் உள்ள வரிகள் வெற்றாக நிற்கும். அவற்றை 1 என்று மாற்றாதீர்கள். அது ஆயிரம் வாத்துகளாகவும் இருக்கலாம். இருப்புக் கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடையை நான்கு பேர் பகிர்ந்திருந்தால் நான்கு பட்டியலாக வரும். 'குரூப் ஐடென்டிஃபையர்' ஒன்றாக இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி எதைக் குறிக்கிறது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். இபேர்டின் புள்ளி பறவை இருந்த இடம் அல்ல, பட்டியலுக்குக் கொடுத்த இடம். 5 கிலோமீட்டர் நடந்த பட்டியலுக்கும் ஒரே புள்ளிதான். ஹாட்ஸ்பாட் (எல்லாருக்கும் பொதுவாகக் குறித்த பறவை இடம்) என்றால் குளத்தைச் சுற்றி எங்கிருந்து பார்த்தாலும் அதே புள்ளி. இதை வைத்து "கூழைக்கடா மேற்குக் கரையில்தான் தங்குகிறது" என்று எழுதினால் அது பிழை.

எல்லா வகை உயிர்களையும் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இன்னும் மோசம். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் இடத்தை அது வேண்டுமென்றே மறைக்கும். 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள், எங்காவது தற்செயலாகப் புள்ளியை வைக்கும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பார்த்த விலங்கு வாழைத்தோட்டத்துக்கு நடுவே தெரியலாம். உலகப் பல்லுயிர்த் தரவுத்தளமான ஜிபிஐஎஃப் வழியாக எடுக்கும்போது 'கோஆர்டினேட் அன்சர்ட்டன்ட்டி' நெடுவரிசையைப் பாருங்கள். அப்படி மறைத்தவற்றில் 20,000 மீட்டருக்கு மேல் இருக்கும். 1,000-க்கு மேற்பட்டதை எல்லாம் கிராம அளவு வரைபடத்திலிருந்து நீக்கிவிடலாம்.

ஹீட்மேப்பை விட்டுக் கட்டத்துக்கு வாருங்கள்

தரவை ஏற்றியதும் எல்லாரும் முதலில் தட்டுவது ஹீட்மேப், அதாவது புள்ளி அடர்ந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் படம். அது காட்டுவது பறவை பார்ப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைத்தான். கோவைக் குளங்கள் சிவப்பாக எரியும், மூலனூர் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளையைக் காட்டி "இங்கே ஒன்றும் இல்லை, சோலார் பூங்கா போடலாம்" என்று யாரேனும் வாதிட்டால் அந்த வாதத்துக்கு நீங்களே வரைபடம் போட்டுக் கொடுத்தவர் ஆவீர்கள்.

சரியான வழி சற்று நீளம், ஆனால் கடினமில்லை. 'கிரியேட் கிரிட்' கருவியில் 2 கிலோமீட்டர் அறுகோணக் கட்டம் போடுங்கள். எல்லா இனங்களையும் பதிந்த முழுப் பட்டியல்கள், 15 நிமிடத்துக்குக் குறையாதவை, 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்காதவை என்று வடிகட்டுங்கள். 'கவுண்ட் பாயிண்ட்ஸ் இன் பாலிகன்' மூலம் ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தப் பட்டியல் எத்தனை, கௌதாரி உள்ள பட்டியல் எத்தனை என்று இரண்டு முறை எண்ணுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பதிவு வீதம். ஒரு கட்டத்தில் 40 பட்டியலில் 10-இல் கௌதாரி இருந்தால் 25 சதவீதம். பட்டியலே இல்லாத கட்டத்தில் வகுத்தால் வெற்று வரும். அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்து விளக்கப் பெட்டியில் "யாரும் பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். 10-க்கும் குறைந்த பட்டியல் உள்ள கட்டங்களுக்குக் கோடு போட்ட நிரப்பு. பூனைப்பருந்து போன்ற வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள பட்டியல்களை மட்டும் எடுக்க வேண்டும். ஆண்டு முழுதையும் சேர்த்தால் வீதம் பாதியாகத் தெரியும்.

இந்தக் கட்ட வரைபடத்தின் பெரிய பயன் சாம்பல் கட்டங்கள்தான். அடுத்த மாதம் யார் எங்கே போக வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

செயற்கைக்கோள் படம்: ஆகாயத்தாமரையும் காய்ந்த புல்லும்

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல் 2-இன் படங்கள் கோப்பர்னிகஸ் தளத்தில் இலவசம். 10 மீட்டர் துல்லியம், இரண்டு கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு படம். படத்தின் எண்களைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில் பச்சைப் பட்டை 3, அகச்சிவப்புப் பட்டை 8 இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு. சிவப்புப் பட்டை 4-ஐயும் 8-ஐயும் வைத்துப் பசுமைக்குறியீடு. பாடப்புத்தகப்படி நீர்க்குறியீடு பூச்சியத்துக்கு மேல் என்றால் நீர்.

நொய்யல் குளங்களில் இந்த விதி சரிப்பட்டு வராது. ஆகாயத்தாமரை மூடிய குளம் கோளின் கண்ணுக்குப் பச்சை வயல்தான். நீர்க்குறியீட்டை மட்டும் நம்பினால் நிரம்பிய குளம் "சுருங்கிவிட்டது" என்று வரும், தாமரையை வாரி எடுத்த மாதம் "விரிந்தது" என்று வரும். குளத்தின் முழு எல்லையைப் பலகோணமாக ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குள் திறந்த நீர் எவ்வளவு, மிதக்கும் பச்சை எவ்வளவு, காய்ந்த தரை எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். 'ஜோனல் ஹிஸ்டோகிராம்' கருவி இதற்குப் போதும். முக்குளிப்பானுக்கும் வாத்துக்கும் திறந்த நீர் வேண்டும், நீலத்தாழைக்கோழிக்குச் செடி மூட்டமும் வேண்டும். அதனால் மூன்று எண்ணும் தனித்தனியே பயன்படும்.

கொறங்காட்டை வகைப்படுத்துவது இன்னும் நுணுக்கம். வெள்வேல மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கீழே கொழுக்கட்டைப்புல், சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே காங்கயம் மாடு. ஏப்ரல் மாதப் படத்தில் புல் காய்ந்து தரிசு போலத் தெரியும். டிசம்பர்ப் படத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் தளிர்த்துச் சோளக்காடு போலத் தெரியும். ஒரே படத்தை வைத்து வகைப்படுத்தினால் எந்த மாதம் எடுத்தாலும் தப்புதான். இரண்டு மாதப் படங்களின் பசுமைக்குறியீட்டை இரண்டு பட்டையாக அடுக்கி, தானாக வகைப்படுத்தும் செருகியில் கொடுத்தால் முன்னேற்றம் தெரியும். உழுத நிலம் ஏப்ரலில் வெறும் மண்ணாக இருக்கும், கொறங்காட்டில் மரமும் வேலியும் அப்போதும் கொஞ்சம் பசுமை காட்டும். அதன்பிறகும் களத்தில் போய்ச் சரிபார்க்காமல் ஏக்கர்க் கணக்கு வெளியிடக் கூடாது.

வேலியைப் பலகோணத்தின் ஓரமாக விட்டுவிடாமல் தனிக் கோட்டு அடுக்காக வரையுங்கள். ஓணானும் கீரியும் குருவிக்கூடும் அங்கேதான். இடத்தை விற்று கம்பிவேலி போடும்போது முதலில் போவதும் அதுதான். மொத்த நீளம் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைகிறது என்பது பஞ்சாயத்தில் உடனே புரியும் எண். அடுத்தடுத்த காடுகளுக்கு வேலி பொது என்பதால் 'ஸ்னாப்பிங்' போட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் ஒரே வேலி இரண்டு முறை எண்ணப்படும்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒப்பிடும்போது ஒரு பொறி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல் 2 எண்களில் 1,000 கூடுதலாக ஏற்றப்படுகிறது. குறியீட்டுச் சூத்திரத்தில், எண்களைப் பெருக்கியிருக்கும் பொதுவான 10,000 வகுபட்டுப் போய்விடும், இந்த 1,000 போகாது. கழிக்காமல் விட்டால் 2021-ஐவிட 2023-இல் பசுமை குறைந்தது போலப் பொய்யாகத் தெரியும். பழைய படங்களையும் திரும்பச் செயலாக்கி வெளியிட்டிருப்பதால் ஆண்டை மட்டும் பார்த்துக் கழிக்காதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் வரும் மெட்டாடேட்டா கோப்பில் 'ஆட் ஆஃப்செட்' வரி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தத் திருத்தத்தை க்யூஜிஐஎஸ் தானாகச் செய்யாது. மென்பொருள்மேல் எங்கள் உண்மையான குறைகளில் இது ஒன்று.

கிராம வரைபடத்தை ஒட்டுவது

எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் முதலில் கேட்பது புல எண்தான். ஸ்கேன் செய்த கிராம வரைபடத்தை 'ஜியோரெஃபரன்சர்' மூலம் ஒட்டலாம். மூன்று ஊர் எல்லை சேரும் கல், பழைய கிணறு, கோயில் மூலை, குளத்து மதகு என்று இடம் மாறாதவற்றில் 6 புள்ளிக்குக் குறையாமல், தாளின் நான்கு ஓரத்துக்கும் பரவலாக எடுங்கள். மாற்றுமுறை 'பாலினோமியல் 1' போதும். 'தின் பிளேட் ஸ்ப்லைன்' போட்டால் பிழை பூச்சியம் என்று காட்டும். அது எல்லாப் புள்ளிகளையும் இழுத்துப் பொருத்துவதால் வரும் பூச்சியம், துல்லியத்தின் அடையாளம் இல்லை. ஒரு புள்ளியை நீங்கள் தவறாகக் குத்தியிருந்தால் அது அங்கேயே மறைந்துவிடும். இப்படி ஒட்டிய எல்லை வழிகாட்டுதலுக்கு மட்டுமே. நில அளவையர் அளந்ததற்கு ஈடாக எங்கும் வைக்காதீர்கள்.

தமிழ் எழுத்தில் ஓரளவு நன்றாகவே நடந்துகொள்கிறது. பழைய ஷேப்ஃபைல் வடிவத்தை மட்டும் தவிருங்கள். அதில் நெடுவரிசைப் பெயர் 10 பைட்டுக்கு மேல் போகாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் குளம் என்ற சொல்லே முழுதாக நுழையாது. ஜியோபேக்கேஜில் இந்தத் தொல்லை இல்லை. எக்செல்லிலிருந்து வரும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப் 8' என்று சேமிக்காவிட்டால் ஊர்ப்பெயர் எல்லாம் கேள்விக்குறியாக மாறும். அச்சு வடிவத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துகளைப் பாதைகளாக ஏற்றுமதி செய்யும் தேர்வை எடுங்கள். அப்போதுதான் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறாது.

எது இதில் முடியாது

ஓர் இனம் பத்தாண்டில் குறைகிறதா என்ற கேள்விக்குக் க்யூஜிஐஎஸ் விடை தராது. அது புள்ளியியல் வேலை. அதற்கு ஆர் மொழியும், இபேர்ட் கோப்புகளுக்கென்றே எழுதிய ஆக் பொதியும் இருக்கின்றன. நாடு தழுவிய பறவை நிலை அறிக்கைகளும் இந்த வகைப் பதிவு வீதத்தை அடிப்படையாகக் கொண்டவைதான். குழுவில் ஒருவர் ஆர் கற்றுக்கொண்டால் போதும், எல்லாரும் கற்க வேண்டியதில்லை. வெறுமனே பார்ப்பதற்கும் பழைய படங்களைப் புரட்டுவதற்கும் கூகுள் எர்த் புரோ எளிது. கேள்விக்குக் கேள்வி கிளை பிரியும் நீண்ட படிவம் வேண்டுமென்றால் கோபோ டூல்பாக்ஸ் நல்லது, ஆனால் வரைபடத்தில் அது பலவீனம். காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் ஊர்க்குழுவுக்குத் தேவைப்படும் எதையும் கூடுதலாகத் தருவதாக எங்களுக்குத் தெரியவில்லை.

பெரிய கோப்புகளில் க்யூஜிஐஎஸ் சில சமயம் சொல்லாமல் மூடிக்கொள்ளும். செருகிகளை அள்ளிப் போட்டவர்களுக்கு அடிக்கடி. க்யூஃபீல்டுசிங்க், வகைப்படுத்தும் செருகி, இந்த இரண்டுக்கு மேல் நிறுவ வேண்டாம். 'ஜியாமெட்ரி செல்லாது' என்று கருவி நின்றால் 'ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ்' ஓட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். குளத்துக் கரையைக் கையால் வரைந்தவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

வெளியிடுமுன் ஒரு வேலை. பாறுக் கழுகுக் கூடு, தேவாங்கு மரம், நட்சத்திர ஆமை கிடைத்த வேலி போன்ற புள்ளிகள் பொதுவில் போகவே கூடாது. நட்சத்திர ஆமை கடத்தப்படும் விலங்கு. அதன் துல்லியமான இடத்தை ஒரு வரைபடத்தில் போட்டால் பிடிக்க வருபவனுக்கு வழி காட்டியதாகும். படத்தில் புள்ளியின் அளவைப் பெரிதாக்குவதால் பயனில்லை, அட்டவணையில் எண் அப்படியே இருக்கும். திட்டத்தில் இப்படி மறைக்க வேண்டிய இனங்களுக்கென்று தனி ஜியோபேக்கேஜ் வைத்து, அதைக் குழுவில் இரண்டு பேரிடம் மட்டும் வையுங்கள். பொது நகலில் அந்தப் பதிவுகளை 2 கிலோமீட்டர் அறுகோணத்தோடு இணைத்து, புள்ளி வடிவத்தையும் ஆயத்தொலைவு நெடுவரிசைகளையும் நீக்கிவிட்டுப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். க்யூஃபீல்டு படங்களுக்குள்ளும் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். படத்தை அனுப்புமுன் அதையும் அழிக்க வேண்டும். வனத்துறைக்குக் கொடுக்கும் நகலில் மட்டும் துல்லியமான இடம் இருந்தால் போதும்.